மாய்ஸ்சரைசர் லோஷன் தோலை உண்மையிலேயே காக்கிறதா? சோதிக்கும் முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'24 மணி நேர ஈரப்பதம்', 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்று எல்லாப் புட்டியிலும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சோதனை என்ன, எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் எங்கும் இருப்பதில்லை. வறண்ட தோலோடு தினமும் அல்லாடுபவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தோல் ஏன் வறண்டு போகிறது? லோஷன் அதில் என்ன செய்கிறது?

தோலின் ஆக வெளிப்புறத்தில், உடம்பின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள ஓர் அடுக்கு இருக்கிறது. ஒரு காகிதத் தாளை விடப் பல மடங்கு மெல்லியது. தட்டையான இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இடைவெளியைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் நிரப்பியிருக்கும். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் தடுப்பதும், வெளியிலிருந்து சோப்பு, ரசாயனம், ஒவ்வாமைப் பொருள்கள் நுழையாமல் தடுப்பதும் இந்த அடுக்குதான்.

சோப்பு, டிடர்ஜெண்ட், சுடுநீர், வறண்ட காற்று எல்லாம் அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. மேலடுக்கின் நீரளவு சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது விறைத்து வெடிக்கிறது. பழைய செல்களைக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்த்துவிடும் நொதிகள் வேலை செய்யவும் நீர் வேண்டும். அது குறைந்தால் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு செதிலாகக் கிளம்புகின்றன. வெடிப்பு வழியே எரிச்சல் தரும் பொருள் இறங்குகிறது. எரிச்சல் வந்தால் தடுப்பு இன்னும் பழுதாகிறது.

லோஷனில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். கிளிசரின், யூரியா போன்றவை நீரைப் பிடித்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, மினரல் ஆயில், டைமெத்திகோன் போன்றவை மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். மற்ற எண்ணெய்ப் பொருள்கள் செதில்களுக்கு இடையே புகுந்து சொரசொரப்பைத் தணிக்கும். 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் காய்ந்து விறைத்த தோல் காய்ப்புத் துண்டுகளை வைத்துச் சோதித்தார். எண்ணெயில் ஊறவைத்தால் அவை மென்மையாகவில்லை. நீர் ஏறியதும்தான் வளைந்து கொடுத்தன. மேலடுக்குக்குத் தேவைப்படுவது நீர். எண்ணெய்ப்பசை அந்த நீரைக் காவல் காக்கிறது. இன்றைய சோதனைகள் எல்லாம் இந்தப் புரிதலின் மேல் கட்டப்பட்டவைதான்.

தோலில் உள்ள ஈரத்தை எப்படி அளக்கிறார்கள்?

மின்சாரத்தைக் கொண்டு. பரவலாகப் பயன்படுவது கார்னியோமீட்டர் என்ற கருவி. பேனா அளவுள்ள அதன் முனையைத் தோலின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் ஒரு நொடிக்குள் எண் வந்துவிடும். ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்க எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. நீருக்கு அது சுமார் 80. தோலில் உள்ள மற்றப் பெரும்பாலான பொருள்களுக்கு அது மிகவும் குறைவு. அதனால் மேலடுக்கில் நீர் கூடினால் அந்த இடத்தின் மின்தேக்குத் திறனும் கூடும். முனைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, யார் அழுத்தினாலும் ஒரே அழுத்தம் கிடைப்பதற்காக.

வரும் எண்ணுக்கு அலகு கிடையாது. 'ஈரப்பதம் இத்தனை சதவீதம் கூடியது' என்று விளம்பரம் சொன்னால், கருவியின் அளவுகோலில் எண் அவ்வளவு ஏறியது என்றுதான் பொருள். தோலில் அத்தனை சதவீத நீர் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோலிலிருந்து நீர் வெளியேறுவதை அளக்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான அளவீடு. வியர்வை இல்லாதபோதும் தோல் வழியே நீராவி ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. அதைத் தோல்வழி நீரிழப்பு என்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் நீர் போகிறது என்று கணக்கிடுவார்கள். நல்ல நிலையில் உள்ள முன்கையில் இது பெரும்பாலும் 10 கிராமுக்கு உள்ளேயே இருக்கும். தடுப்பு பழுதானால் இரண்டு, மூன்று மடங்காகும்.

1970-களில் ஸ்வீடனில் கெர்ட் நில்சன் வடிவமைத்த முறை இன்றும் நிற்கிறது. இருபுறமும் திறந்த சிறு குழாய், அதற்குள் தோலிலிருந்து வெவ்வேறு உயரத்தில் இரண்டு உணரிகள். இரண்டுக்கும் இடையே ஈரத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து நீராவி எவ்வளவு வேகத்தில் மேலேறுகிறது என்று கருவி கணக்குப் போடும்.

பக்கத்தில் இருந்து பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரியும். தன்னார்வலர் முன்கையை மேசைமேல் மல்லாக்க வைத்திருப்பார். சட்டைக்கை மடித்து வெகு நேரம் ஆகியிருக்கும். குழாயைத் தோலில் வைத்ததும் திரையில் எண் அலைபாயும். மெல்ல மெல்ல அடங்கி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்தால் எண் குதிக்கும். பக்கத்தில் குனிந்து மூச்சு விட்டாலும் குதிக்கும். அதனால் குழாயைச் சுற்றி மறைப்புப் பெட்டி வைப்பதும் உண்டு.

அளக்கும் நாளில் என்னென்ன பார்க்க வேண்டும்?

அறை வெப்பம் 20 முதல் 22 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். தன்னார்வலர் அந்த அறையில் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை உடனே அளந்தால் வியர்வையைத்தான் அளப்போம். சோதனைக்கு முந்தைய சில நாட்களில் அந்த இடத்தில் வேறு எந்த க்ரீமும் போட்டிருக்கக் கூடாது. தடவும் அளவும் எல்லோருக்கும் ஒன்றாக, பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். எந்தக் கையில் எந்த லோஷன் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். அளப்பவருக்கு அது தெரியக் கூடாது.

எதுவும் தடவாத ஓர் இடத்தையும் கூடவே அளக்க வேண்டும். இதை விட்டுவிட்ட சோதனையை நான் நம்புவதில்லை. பருவம் மாறினால் தோலும் மாறும். குளிரில் தொடங்கிய சோதனை வெப்பம் வந்த பிறகு முடிந்தால், லோஷன் இல்லாமலேயே தோல் தேறியிருக்கும்.

ஈரப்பத எண் ஏறிவிட்டது என்றால் தோலுக்குப் பாதுகாப்பும் கூடிவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

லோஷனில் பெரும்பங்கு நீர். தடவிய ஐந்தாவது நிமிடம் கார்னியோமீட்டரை வைத்தால் அந்த நீரையும் கிளிசரினையும் அது படித்துவிட்டு உயர்ந்த எண்ணைக் காட்டும். அதே நேரத்தில் நீரிழப்புக் கருவியை வைத்தால் லோஷனின் நீர் ஆவியாவதையும் சேர்த்து அளந்து, தோல் பழுதானது போலக் காட்டும். இரண்டுமே தோலின் நிலையைச் சொல்லவில்லை. சில மணி நேரம் கழித்தோ, சில வாரம் தொடர்ந்து தடவிவிட்டுக் கடைசித் தடவலுக்கு மறுநாளோ அளப்பதுதான் தோலைப் பற்றிப் பேசும்.

அப்படி அளந்தும்கூட ஈரமும் பாதுகாப்பும் வெவ்வேறு திசையில் போகலாம். 1999-இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், வறட்சி ஏதும் இல்லாத 20 பேர் ஒரு கையில் மட்டும் தினம் மூன்று வேளை, நான்கு வாரம் மாய்ஸ்சரைசர் தடவினார்கள். தடவிய கையில் ஈரப்பதம் கூடியது. நீரிழப்பு மாறவில்லை. அதுவரை நல்ல செய்திதான். பிறகு இரண்டு கைகளிலும் ஒரு டிடர்ஜெண்ட்டை வைத்துச் சோதித்தபோது, அதிகமாகப் பழுதானது மாய்ஸ்சரைசர் தடவிய கை. எல்லா மாய்ஸ்சரைசரும் இப்படிச் செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. சில, குறிப்பாக யூரியா கலந்த சில, இதற்கு நேர்மாறாகத் தோலை டிடர்ஜெண்ட்டிலிருந்து காத்ததை மற்ற ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தக் கலவை எதைச் செய்யும் என்பதைச் சோதித்தால்தான் தெரியும். புட்டியைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எரிச்சலிலிருந்து காக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

மேலே சொன்ன டிடர்ஜெண்ட் முறைதான். சோடியம் லாரில் சல்ஃபேட் என்பது நுரை வரவழைக்கப் பல சோப்புகளிலும் ஷாம்புகளிலும் சேர்க்கப்படும் பொருள். அதை 0.5 முதல் 2 சதவீதக் கரைசலாக்கி, சிறு வட்டக் கிண்ணத்தில் ஊற்றி, முன்கையில் ஒட்டி, பெரும்பாலும் 24 மணி நேரம் விடுவார்கள். எடுத்த பின் தோல் சிவந்திருக்கும், சில நாளில் செதில் கிளம்பும். சிவப்பை நிறமானியாலும், பழுதை நீரிழப்புக் கருவியாலும் அளப்பார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. லோஷனைச் சில வாரம் தடவிவிட்டுப் பிறகு டிடர்ஜெண்ட் வைத்தால், அது முன்கூட்டியே காக்கிறதா என்று தெரியும். முதலில் டிடர்ஜெண்ட் வைத்துவிட்டுப் பிறகு லோஷன் தடவினால், பழுதான தோலை வேகமாகத் தேற்றுகிறதா என்று தெரியும். ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேற வேண்டும் என்பதில்லை. விளம்பரம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் நாள் முழுக்கச் சோப்பு நீரில் கை வைப்பவருக்கு வேண்டியது முதல் கேள்விக்கான பதில்.

ஒட்டிவைக்கும் முறைக்கும் ஒரு குறை உண்டு. வாழ்க்கையில் யாரும் 24 மணி நேரம் டிடர்ஜெண்ட்டை ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒரு நாளில் பல முறை கழுவுகிறோம். அதனால் தினமும் பல முறை கழுவவைத்து, இடையே லோஷன் தடவிப் பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன. நிஜத்துக்கு நெருக்கம் இவைதான்.

'24 மணி நேரம்', 'நீடித்த பலன்' என்பதை எப்படி நிறுவுகிறார்கள்?

24 மணி நேரத்துக்கு, ஒரு முறை தடவி, பல மணி நேர இடைவெளிகளில் ஈரத்தை அளந்து, கடைசியிலும் தடவாத இடத்தை விட எண் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். வித்தியாசம் சிறியதாக இருந்தாலும் புள்ளியியல் ஒப்புக்கொண்டால் வாசகத்தை அச்சிட்டுவிடலாம்.

நீடித்த பலனுக்கு ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1978-இல் முன்வைத்த முறை இன்னும் நேர்மையானது. வறண்ட கால்கள் உள்ளவர்கள் சில வாரம் லோஷன் தடவுவார்கள். பிறகு நிறுத்திவிடுவார்கள். வறட்சி பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று கண்காணிப்பதுதான் சோதனை. வெறுமனே மேலே பூசி மறைத்த லோஷன் ஓரிரு நாளில் தோற்றுவிடும். தோலைத் தேற்றிய லோஷன் கூடுதல் நாட்கள் தாங்கும்.

கருவி இல்லாமல் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது செல்லுமா?

பயிற்சி பெற்றவர் பார்த்தால் செல்லும். செதில், சொரசொரப்பு, சிவப்பு, வெடிப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருவார்கள். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி எடுத்து, அதில் வந்த செதில்களைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. வறண்ட தோலில் எடுத்த நாடாவில் தடித்த வெள்ளைத் திட்டுகள் தெரியும், நல்ல தோலில் எடுத்ததில் மெல்லிய, சீரான படலம்தான் இருக்கும். அரிப்பு எவ்வளவு குறைந்தது என்று தன்னார்வலரிடமே கேட்டுக்கொள்வதையும் நான் குறைவாக மதிப்பதில்லை. தூங்க விடாத அரிப்பை எந்தக் கருவியும் அளப்பதில்லை.

காக்க வேண்டிய லோஷனே எரிச்சல் தருமா?

தரும், தந்திருக்கிறது. பிரிட்டனில் எக்ஸிமா என்ற அரிப்பு மிகுந்த தோல் அழற்சிக்குப் பல ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்ட ஒரு க்ரீமில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது. ஆம், சோதனையில் தோலைப் பழுதாக்கப் பயன்படுத்தும் அதே பொருள். பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அதை நான்கு வாரம் தடவிய நலமான தோலிலும் மேலடுக்கு மெலிந்து நீரிழப்பு கூடியதைக் காட்டியது. 2013-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறிப்பாகக் குழந்தைகளின் எக்ஸிமாவில் அது எரிச்சல் தரலாம் என்று எச்சரித்தது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் அளவைப் பொறுத்தது, யாருக்கும் வரலாம். ஒவ்வாமை உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை அடையாளம் கண்டு எதிர்ப்பதால் வருவது. ஒருமுறை அப்படி அடையாளம் கண்டுவிட்டால் பிறகு துளி போதும். லோஷன்களில் நறுமணப் பொருள்களும் சில பதப்படுத்திகளும் இதற்குப் பெயர் போனவை. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தியால் ஒவ்வாமை பெருகியதால், கழுவாமல் தோலில் விடும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை போட்டது.

சந்தைக்கு வரும் முன் ஒவ்வாமைக்காகச் செய்யும் வழக்கமான சோதனையில், மூன்று வாரங்களில் ஒன்பது முறை ஒரே இடத்தில் ஒட்டி, சுமார் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு புதிய இடத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள். பொதுவாக 100 முதல் 200 பேர். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒவ்வாமை இதில் தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கொண்டுவர 1975-இல் முயன்றார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இன்றும் அங்கே கூட்டாட்சித் தரம் எதுவும் இல்லை. 'தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது' என்பதிலும் சோதித்தார்கள் என்ற தகவல் மட்டுமே உண்டு, முடிவு இல்லை. பொருட்பட்டியலில் நறுமணம் இல்லாததைத் தேடுங்கள், இந்த வாசகங்களை விட அது நம்பகமான வழி.

விலங்குகளை வைத்தா சோதிக்கிறார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுத் தடை விதித்தது, இந்தியா 2014-இல். எரிச்சலைச் சோதிக்க, மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்த தோல் மாதிரி இருக்கிறது. பொருளை அதன்மேல் வைத்துவிட்டு, எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று சாயம் கொண்டு பார்ப்பார்கள். பாதி அல்லது அதற்கும் குறைவாகவே பிழைத்தால் எரிச்சல் தரும் பொருள் என்று வகைப்படுத்துவார்கள்.

லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு: எது நல்லது?

களிம்பில் நீரே இல்லை அல்லது மிகக் குறைவு, அதனால் அது நீரிழப்பை அதிகம் அடக்கும். பெட்ரோலியம் ஜெல்லியை இதில் மிஞ்சுவது கடினம். கருவியில் வெல்வது வாழ்க்கையிலும் வெல்லுமா? பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 550 குழந்தைகளிடம் இந்த நான்கு வகைகளையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எதுவும் மற்றதை விட மேலாக இல்லை. பிசுபிசுக்கிறது என்று ஒதுக்கிவைத்த களிம்பை விட, விருப்பத்தோடு தினமும் தடவும் லோஷன் மேல்.

தாவர எண்ணெய் போதாதா?

எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் சில வாரத்தில் மேலடுக்கின் உறுதியைக் குறைத்து லேசான சிவப்பையும் தந்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. 'இயற்கை' என்ற அடையாளம் சோதனைக்கு மாற்றாகாது.

வேலையில் ஓயாமல் கை கழுவுபவர்களுக்குப் பயன் உண்டா?

உண்டு, அளவோடு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பில், மாய்ஸ்சரைசர் பயன்படுத்தியவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கை அழற்சி வந்தது. பயன்படுத்தாதவர்களில் 19 சதவீதம். 'தடுப்பு க்ரீம்' என்று தனியாக விற்கப்படுபவை இதைவிடச் சிறந்தவை என்று நிறுவப்படவில்லை.

குழந்தை பிறந்ததிலிருந்தே தடவி வந்தால் எக்ஸிமா வராமல் தடுக்கலாமா?

அப்படித்தான் பலரும் நம்பினோம். 2020-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், எக்ஸிமா வரும் ஆபத்து அதிகமுள்ள 1,394 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முதல் ஆண்டு முழுக்கத் தினமும் மாய்ஸ்சரைசர் தடவினார்கள். இரண்டு வயதில் அவர்களில் 23 சதவீதம் பேருக்கு எக்ஸிமா இருந்தது, தடவாதவர்களில் 25 சதவீதம். தடுத்ததாகச் சொல்ல இந்த வித்தியாசம் போதாது. ஏற்கெனவே எக்ஸிமா உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மாய்ஸ்சரைசர் அடுத்த சீற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, ஸ்டீராய்டு தேவையையும் குறைக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒவ்வாமைக்கு: முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில் தினம் இரு வேளை, ஒன்று முதல் இரண்டு வாரம் தடவுங்கள். கழுவித் துடைக்காதீர்கள். சிவப்போ அரிப்போ பருக்களோ வந்தால் உடனே நிறுத்துங்கள். மூன்றாம் நாளே 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம், ஒவ்வாமை தாமதமாகவும் வரும்.

பலனுக்கு: இரண்டு கால்களும் ஒரே அளவு வறண்டிருந்தால், ஒன்றில் மட்டும் இரண்டு வாரம் தடவுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாகத் தடவி ஒரு நாள் கழித்து. பிறகு நிறுத்திவிட்டு எத்தனை நாளில் செதில் திரும்புகிறது என்று பாருங்கள். எது எந்தக் கால் என்று சொல்லாமல் வீட்டில் வேறொருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆசைப்பட்டு வாங்கிய லோஷனுக்கு நம் கண் எப்போதும் சாதகமாகவே இருக்கும்.

அளவைக் குறைத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது. ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குக் குழாயிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குக் கணக்காக இருக்கும். ஒரு காலுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

தோல் கசிந்தால், மஞ்சள் பொருக்குக் கட்டினால், சூடாக வீங்கினால், அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், லோஷனை மாற்றி மாற்றிப் போட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால். கடைசி வகைக்கு மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் மேலும் இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். நீங்கள் பயன்படுத்தும் லோஷன், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் புட்டியோடு எடுத்துப் போங்கள். பொருட்பட்டியல் அச்சிட்ட அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதையும்.